ஈமக்காட்டில் ஓரிடம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் கோட்டைகளிலும் கோயில்களிலும் தேடுவது நம் வழக்கம். அவ்வாறு தேடுவோரைத் திருவள்ளூர் மாவட்டம் ஏமாற்றுவதில்லை. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் இராசேந்திர சோழனின் குலப் பெருமையைப் பேசுகின்றன. பழவேற்காட்டில் டச்சு வணிகர்களின் கல்லறைகள் செதுக்கு வேலைப்பாட்டோடு இன்றும் நிற்கின்றன. ஆயினும், இவற்றுக்கெல்லாம் மிக முற்பட்ட காலத்தில் இம்மண்ணில் மனிதர் எழுப்பியவற்றுள் நம் கண்ணுக்கு எஞ்சியிருப்பவை எவை என்று கேட்டால், கல்லறைகளே என்று விடை கூற வேண்டும். அம்மக்கள் குடியிருந்த வீடுகள் மண்ணோடு மண்ணாயின. அவர்கள் உழுத வயலைப் பின்வந்தோர் உழுது அடையாளத்தை அழித்துவிட்டனர். தம் இறந்தோரை அவர்கள் கிடத்திய இடம் மட்டும் நிலைத்தது. இவற்றைத் தொல்லியலார் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்பர். சங்க இலக்கியம் பயின்றோர் அவ்விடங்களை ஈமக்காடு என்னும் பழைய சொல்லால் அறிவர்.

நம் மறைமாவட்டத்து வாசகர்களுள் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கும் பொன்னேரிச் சந்தைக்கும் பூண்டி ஏரிக்கும் நாள்தோறும் சென்று வருபவர்கள். அவர்கள் செல்லும் சாலையோரத்துச் செம்மண் மேடுகளில் என்ன உறங்குகிறது என்பதை அறிந்துகொள்வது பயனுள்ள முயற்சி. அந்த அறிவு நம்மிடம் ஒரு கேள்வியையும் எழுப்பும். அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

ஆற்றங்கரையின் முதல் மனிதர்

கொசத்தலையாறு நம் மாவட்டத்தின் வழியாக ஓடி எண்ணூரில் கடலோடு கலக்கிறது. இவ்வாற்றுப் படுகை உலகத் தொல்லியல் வரைபடத்தில் தனியிடம் பெற்றது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் 1863 மே மாதத்தில் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தம் உடன் அலுவலரான வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்துக்கு வந்து, அங்கும் அத்தகைய கருவிகள் மிகுதியாகக் கிடப்பதைக் கண்டார். 1999 முதல் அங்கு அகழாய்வு செய்த சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும், அவற்றுள் மிகத் தொன்மையானவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் உலகுக்கு அறிவித்தனர். 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே, மாநிலத் தொல்லியல் துறை 1985இல் அமைத்த அகழ்வைப்பகத்தில் இப்பகுதியின் கற்கருவிகளைப் பார்க்கலாம்.

ஆயினும், அக்கருவிகளைச் செய்தோரின் கல்லறை என்று சுட்டிக்காட்டத்தக்க எதுவும் அங்கு இல்லை. கல்லைத் தட்டிக் கூராக்கக் கற்ற மனிதன், இறந்தவனுக்காகக் கல்லை நகர்த்தத் தொடங்குவதற்கு நெடுங்காலம் சென்றது. தமிழகத்தில் கல்லறைகள் பெருகுவது இரும்பின் வரவோடுதான். அந்த இரும்புக் காலம் கிறிஸ்து பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது என்பதே நெடுநாள் கருத்தாக இருந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றின் காலம் கி.மு. 2172 என 2022இல் அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, இரும்பின் தொன்மையை அதற்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்தள்ளும் அறிக்கையொன்றைத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்டது. அறிஞர்கள் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகின்றனர்.

அமிர்தமங்கலத்துத் தாழிகள்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தைச் சேர்ந்த அமிர்தமங்கலம் என்னும் சிற்றூரின் பெயர் தொல்லியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதை நம்மில் பலர் அறியோம். 1950களின் நடுவில் இந்தியத் தொல்லியல் துறையின் என். ஆர். பானர்ஜி இங்கு அகழாய்வு நடத்தினார். கெட்டியான நிலத்தில் குழி தோண்டி, அதனுள் பெரிய மண் தாழியை இறக்கி, இறந்தோரின் எலும்புகளை வைத்துப் புதைத்த ஈமக்காடு அது என்பது அவ்வாய்வினால் புலனாயிற்று. அவரும் கே. வி. சௌந்தரராஜனும் 1950இலும் 1952இலும் மதுராந்தகத்தை அடுத்த சாணூரில் ஆய்வு செய்திருந்தனர். வி. டி. கிருஷ்ணசாமி குன்னத்தூரில் தோண்டினார். திருவள்ளூர் 1997இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இவை யாவும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. தென்னிந்தியாவில் பெருங்கற்காலக் கல்லறைகள் மிக நெருக்கமாகக் காணப்படும் நிலப்பகுதிகளுள் அம்மாவட்டமும் ஒன்று.

கல்லறைகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. பெருங்கற்களை வட்டமாகப் பதித்து, நடுவே சிறு கற்களைக் குவித்திருந்தால் அது கல்வட்டம், கற்குவை என்னும் பெயர்களைப் பெறும். பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல்லை வைத்து நிலத்தின்மேல் எழுப்பியது கல்திட்டை. அதே அமைப்பு நிலத்துக்குள் இருந்தால் கற்பதுக்கை. பதுக்கையின் பலகைக் கல்லில் வட்டமான துளை ஒன்று இருப்பதும் உண்டு. நம் வட்டாரத்தில் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது சுட்ட மண்ணாலான ஈமப்பேழை. தொட்டி போன்ற வடிவமும், அடியில் வரிசையாகக் குட்டையான கால்களும் கொண்ட இப்பேழைகள் பல்லாவரத்திலும் சாணூரிலும் கிடைத்துள்ளன.

இக்கல்லறைகளில் பெரும்பாலானவை உடலை அப்படியே புதைத்தவை அல்ல என்பதை இங்குக் கருத வேண்டும். உடலை முதலில் ஓரிடத்தில் விட்டு, தசை நீங்கிய பின்னர் எலும்புகளைத் திரட்டி வந்து இரண்டாம் முறையாக அடக்கம் செய்தனர். கர்நாடகத்தின் பிரம்மகிரியில் 1947இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், ஒரே கல்லறையில் பலருடைய எலும்புகள் சேர்ந்து கிடந்தன. இறந்தவனுக்காக ஊரார் இரண்டு முறை கூடினர் என்பதே இதன் பொருள். முதல் முறை அழுவதற்கு. இரண்டாம் முறை குழி தோண்டவும், கல் புரட்டவும், தாழி சுமக்கவும். ஒரு கல்வட்டத்துக்கான பாறைகளை இரும்புக் கடப்பாரையும் மரத்தடியும் கயிறும் மனிதத் தோளும் கொண்டே நகர்த்த வேண்டியிருந்தது. உழவு, மேய்ச்சல், வேட்டை என்னும் அன்றாடப் பாடுகளுக்கிடையே அவர்கள் இவ்வுழைப்புக்கு நாள் ஒதுக்கினர்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பங்கு இளைஞர் சிலரை அழைத்துக்கொண்டு இவ்வட்டாரத்துச் செம்மண் மேடுகளில் ஒரு நாள் நடந்தேன். வேலிகாத்தான் முட்களுக்கிடையே சரளை பரவிய நிலம். மழைநீர் அரித்த ஓடையின் கரையில் ஓர் இளைஞன் ஓட்டுத்துண்டு ஒன்றைக் கண்டெடுத்தான். அதன் உட்புறம் வழவழப்பான கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்பினான். எந்த மண்ணடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்னும் செய்தியை இழந்த ஓடு, முகவரி கிழிந்த கடிதத்தைப் போன்றது என்று சொன்னேன். சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தான்.

குயவனின் கைத்திறன்

அந்தக் கறுப்பு-சிவப்பு ஓட்டைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இதில் இரண்டு வகை மண் கலக்கப்படவில்லை; சாயம் பூசப்படவும் இல்லை. கலத்தைச் சூளையில் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கரிப்புகை ஏறிக் கறுக்கின்றன. காற்றுப் படும் வெளிப்புறம் மண்ணிலுள்ள இரும்பினால் சிவக்கிறது என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். நெருப்பையும் காற்றையும் இவ்வளவு நுட்பமாக ஆளத் தெரிந்த குயவர்கள் இங்கு வாழ்ந்தனர். அவர்கள் செய்த கிண்ணங்கள், தட்டுகள், பிரிமணைகள் ஆகியவற்றுடன், கொல்லர் வடித்த வாள், அம்புமுனை, அரிவாள், கோடரி முதலியனவும் கல்லறைகளில் வைக்கப்பட்டன. சில கலங்களின்மேல் கீறல் குறியீடுகள் உள்ளன. பழனிக்கு அருகில் பொருந்தலில் பேராசிரியர் கா. இராஜன் 2009இல் அகழ்ந்த கல்லறையில், பிரிமணை ஒன்றில் தமிழ் பிராமி எழுத்துகள் இருந்தன. அதனுடன் ஒரு கலம் நிறைய நெல்லும் கிடைத்தது. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. உண்ணும் நெல்லில் ஒரு பங்கை, இனி உண்ண இயலாதவனுக்கென்று எடுத்து வைத்த மனங்களை அக்கலம் நமக்குக் காட்டுகிறது.

தாழியைச் சங்கப் புலவர்களும் நன்கு அறிந்திருந்தனர். புறநானூற்றில் இரு பாடல்கள் தாழி செய்யும் குயவனை முன்னிலைப்படுத்துகின்றன. ஒன்று சோழன் கிள்ளிவளவனின் மறைவைப் பற்றியது. இத்துணைப் பெரும்புகழ் கொண்டவனைக் கவிக்கும் தாழியை எவ்வாறு வனைவாய் என்று புலவர் ஐயூர் முடவனார் குயவனைக் கேட்கிறார். மற்றொன்றின் ஆசிரியர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கணவனோடு சுரம் கடந்து வந்து வழியில் அவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாகச் செய்யும்படி குயவனை வேண்டுகிறாள். நாடாண்டவனுக்கும், வழிநடந்து வந்த பெயரறியாப் பெண்ணுக்கும் அதே குயவனின் சக்கரமே இறுதித் துணை. மணிமேகலைக் காப்பியம் சுடுதல், வெளியே இடுதல், குழியில் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியில் கவித்தல் எனப் பல வழக்கங்களும் ஒரே நகரத்துச் சுடுகாட்டில் அருகருகே நிகழ்ந்ததைச் சொல்கிறது.

அச்சம் காத்த கற்கள்

கட்டியவர் மறக்கப்பட்ட பின்னும் கற்கள் நின்றன. பின்வந்த மக்கள் அவற்றுக்குத் தாமே பெயரிட்டனர். பாண்டவர் குழி, வாலியர் வீடு, குள்ளர் வீடு, குரங்குப் பட்டறை என ஊருக்கு ஊர் பெயர் வேறுபடும். முதுமக்கள் தாழிக்கும் ஒரு கதை உண்டு. முற்காலத்தில் மனிதருக்குச் சாவே இல்லையாம். வயது ஏற ஏற உடல் சிறுத்து, விளக்கு மாடத்தில் உட்காரும் அளவுக்கு ஆகிவிடுவார்களாம். அதற்குமேல் பேண இயலாத பிள்ளைகள், உணவும் நீரும் உடன் வைத்துத் தாழியில் இறக்கிவிடுவார்களாம். தாழிகளில் சிறுவர், இளையோர் எலும்புகளும் கிடைப்பதால் இக்கதை வரலாறு ஆகாது. ஆயினும், முதியோரை என்ன செய்வது என்னும் கவலை எக்காலத்து வீட்டுக்கும் பொது என்பதை இக்கதை ஒளிவின்றிச் சொல்கிறது.

இத்தகைய கற்கள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. அயர்லாந்தின் பாயின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் நியூகிரேஞ்ச் என்னும் பெருங்கல்லறை உள்ளது. அது ஏறத்தாழ கி.மு. 3200இல் கட்டப்பட்டது. பேராசிரியர் மைக்கேல் ஓ'கெல்லி 1962 முதல் 1975 வரை அதனை ஆராய்ந்தார். ஆண்டின் மிகக் குறுகிய பகல் வரும் டிசம்பர் மாதத்தில், காலைக் கதிரவனின் முதல் ஒளி வாயிலுக்கு மேலுள்ள சிறு திறப்பு வழியே நுழைந்து, சுமார் 19 மீட்டர் நீளமுள்ள இடைகழியைக் கடந்து உள்ளறையை எட்டுவதை 1967இல் அவர் நேரில் கண்டார். இருள் மிகுந்த நாளில் இறந்தோரின் அறைக்கு ஒளி வர வேண்டும் என்று விரும்பிய மக்கள், இரும்பையே அறியாதவர்கள்.

இரு நாட்டுக் கற்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஒருவர் நம்மிடையே பணியாற்றியவர். ஐதராபாத் நிசாமின் பணியில் இருந்த பிலிப் மெடோஸ் டெய்லர், இன்றைய வட கர்நாடகத்துச் சுரபுரம் பகுதியில் கற்குவைகளைத் தோண்டிப் பார்த்தார். ஓய்வுபெற்ற பின் அயர்லாந்தில் வாழ்ந்தபோது, அவற்றைப் பற்றிய கட்டுரையை டப்ளினில் உள்ள அரச ஐரிஷ் கழகத்தின் வழியாக 1860களில் வெளியிட்டார். இரண்டையும் எழுப்பியவர் ஒரே இனத்தார் என்று அக்காலத்தவர் எண்ணினர். இன்று அக்கருத்தை யாரும் ஏற்பதில்லை. நம் கல்லறைகளுக்கும் நியூகிரேஞ்சுக்கும் இடையே கடல் மட்டுமன்றிப் பல நூற்றாண்டுகளும் கிடக்கின்றன. ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே வகையான செயலைச் செய்தனர் என்றால், அச்செயலின் வேர் மனித இயல்பிலேயே இருக்கிறது எனக் கொள்வதே பொருந்தும்.

இன்னோர் ஒற்றுமையும் உண்டு. அயர்லாந்தின் உழவர்கள் இத்தகைய மேடுகளை மாய மாந்தரின் இருப்பிடமென்று அஞ்சி, ஏர் படாமல் விட்டனர். நம் ஊர்களிலும் பாண்டவர் குழிப் பக்கம் மாலைக்குப் பின் யாரும் செல்லமாட்டார்கள். எந்தச் சட்டமும் எழுதப்படாத காலத்தில் இந்த அச்சமே கற்களைக் காத்தது.

சரளைக்கு வந்த விலை

அச்சம் இன்று அகன்றுவிட்டது. மூடநம்பிக்கை ஒழிந்ததற்கு நாம் மகிழலாம். ஆனால் அது விட்டுச்சென்ற இடத்தில் மதிப்புணர்வு வந்து அமரவில்லை. சரளையின் விலை வந்து அமர்ந்தது. ஈமக்காடுகள் பெரும்பாலும் பயிருக்கு உதவாத சரளை மேடுகளிலும் மலையடிவாரங்களிலும் அமைந்தவை. விளைநிலத்தை உயிரோடிருப்போருக்கு விட்டு, மேட்டு நிலத்தை இறந்தோருக்குக் கொடுத்தனர் நம் முன்னோர். சாலை போடவும், பள்ளமான மனைகளை நிரப்பவும், தொழிற்கூடத்துக்குத் தளம் அமைக்கவும் இன்று தேவைப்படுவது அதே சரளைதான். மண் அள்ளும் இயந்திரத்தின் வாயில் அகப்பட்ட தாழி ஒரு நொடியில் ஓடுகளாகிறது. ஓட்டுபவருக்கு அது இன்னதென்று தெரியாது. தமிழகத்தின் பல ஈமக்காடுகள் இவ்வாறே சுருங்கிவிட்டன.

காக்கும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. நடுவண் அரசின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும், மாநில அரசின் 1966ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. 2010இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, நடுவண் அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் தொலைவுவரை கட்டடப் பணிக்குத் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர்வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். ஆனால் அறிவிக்கப்படாத சின்னங்கள் எண்ணற்றவை. அவற்றைக் காக்கக்கூடியவர்கள் அவ்வூர் மக்களே. வித்தியாசமான தாழியோ, கல்வட்டமோ கண்ணில் பட்டால் தோண்டாமல், எடுக்காமல், கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவித்தல் வேண்டும். இதற்குப் பெரும் படிப்பு தேவையில்லை.

கல் சுமந்தவர் எங்கே?

பெருங்கற்காலத்து மக்களை நாம் அளவுக்கு மீறிப் போற்றவும் வேண்டுவதில்லை. ஈமக்காடுகளில் உள்ள கல்லறைகளின் எண்ணிக்கையையும், அவை எழுந்த நெடிய காலத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள், இறந்த எல்லோருக்கும் இச்சிறப்புக் கிடைத்திருக்க முடியாது என்கின்றனர். சில குழிகளில் வாளும் சூதுபவள மணியும் உள்ளன. சிலவற்றில் இரண்டு மூன்று கலங்களே உள்ளன. அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. பாறையைத் தோளில் சுமந்து வந்தவன் இறந்தபோது அவனுக்காக யார் கல் சுமந்தனர்?

இக்கேள்வியைக் கும்மிடிப்பூண்டியில் இருந்துகொண்டு கேட்கும்போது, அது மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட கேள்வியாக இருப்பதில்லை. இங்குள்ள தொழிற்கூடங்களில் உருக்கு உலையின் முன்னும், கட்டுமானச் சாரத்தின்மேலும் நிற்பவர்களில் பெருந்தொகையினர் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். போரினால் வீடிழந்து வந்த ஈழத்தமிழர் பல்லாண்டுகளாக இங்குள்ள முகாமில் வாழ்கின்றனர். அம்முகாமில் பிறந்து வளர்ந்தோரும் உண்டு. இவர்களுள் ஒருவர் இறந்தால் எங்கே புதைப்பது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் எட்டுப்பத்து இளைஞர்கள் பங்கு இல்லத்துக்கு வந்து நின்றனர். ஜார்க்கண்டைச் சேர்ந்த முண்டா இனத்தவர், கத்தோலிக்கர். அவர்களோடு வேலை செய்த ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். வயது இருபத்திரண்டு. ஒப்பந்தக்காரர் சிறு தொகையைக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். உடலை ஊருக்குக் கொண்டுசெல்லும் செலவு அவர்களால் தாங்கக்கூடியதாக இல்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டனர். அன்றிரவே பங்குப் பேரவையைக் கூட்டினேன். "சாமி, நம்ம ஆளுங்களுக்கே இடம் பத்தலை. நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வந்து கேட்டா என்ன சொல்றது?" என்றார் ஒருவர். அவர் கூறியதில் உண்மை இல்லாமல் இல்லை. நெடுநேரம் பேசினோம். இறுதியில் மூதாட்டி ஒருவர் எழுந்து, "எங்க வீட்டுக்காரர் பக்கத்துல எனக்குன்னு வச்சிருக்கிற இடத்தைக் குடுங்க, சாமி. எனக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த இளைஞர்கள் ஒரு தட்டையான கல்லைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தனர். அதனைக் குழிமேட்டின்மேல் படுக்கையாகக் கிடத்தினர். எங்கள் ஊரில் இப்படித்தான் வைப்போம் என்றனர். முண்டா மக்கள் தம் குலத்தாரின் எலும்புகளைப் புதைத்து அவற்றின்மேல் பலகைக்கல் கிடத்தும் வழக்கத்தை இன்றும் கைவிடாதவர்கள். அக்கல்லுக்குச் சசாந்திரி என்று பெயர். ராஞ்சிக்கு அருகே சோகாகாட்டு என்னும் ஊரில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தகைய கற்கள் ஒரே இடத்தில் கிடப்பதை ஆங்கில அலுவலர்கள் 1870களிலேயே பதிவு செய்துள்ளனர். முண்டாக்களுக்கு அக்கற்கள் நினைவுச்சின்னம் மட்டுமல்ல. காடு திருத்தி ஊர் அமைத்தவர் தம் முன்னோரே என்பதற்கான சான்றும் ஆகும். முன்னோரின் கல்லே எங்கள் பட்டா என்பது அவர்களிடையே வழங்கும் கருத்து.

நம் வட்டாரத்து மக்கள் மறந்துபோன ஒரு செயலை, ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்த கூலி இளைஞர்கள் நம் கண்முன் செய்து காட்டினர். ஓராண்டு கழித்து இறந்தவனின் அண்ணன் வந்தார். கல்லைத் தேட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அருகில் அமர்ந்து செபித்துவிட்டு, குழியிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்துகொண்டார். தம் குலத்தின் கற்களுக்கடியில் அதைச் சேர்க்கப்போவதாகச் சொன்னார்.

அந்நியனுக்கு ஒரு நிலம்

திருமறை நூலில் ஆபிரகாமுக்குக் கானான் நாடு முழுவதும் வாக்களிக்கப்பட்டிருந்தது. ஆயினும் தொடக்கநூல் சொல்வதன்படி, அந்நாட்டில் அவர் விலை கொடுத்து வாங்கிய முதல் நிலம், மனைவி சாராவை அடக்கம் செய்வதற்கான மக்பேலாக் குகையும் அதைச் சூழ்ந்த நிலமுமே. தாம் அந்நியர், வந்தேறி என்று கூறியே அவர் இத்தியரிடம் அந்நிலத்தைக் கேட்டார். விலை 400 வெள்ளிச் செக்கேல். ஓர் ஊரில் நம்மவரைப் புதைத்த பிறகுதான் அவ்வூர் நமக்கு உரியதாகிறது என்பதை முண்டாக்களைப் போலவே அம்முதுபெரும் தந்தையும் அறிந்திருந்தார்.

மத்தேயு நற்செய்தியில் இன்னொரு நிலமும் விலைக்கு வருகிறது. யூதாசு எறிந்துவிட்டுப்போன வெள்ளிக்காசுகளைக் கொண்டு தலைமைக் குருக்கள் குயவன் நிலத்தை வாங்கினர். அந்நியரை அடக்கம் செய்வதற்கென்று வாங்கினர். ஆண்டவரின் உயிருக்குப் பேசப்பட்ட விலை, யாருமற்ற அயலார்க்கு ஒரு குழிநிலம் ஆயிற்று. மாசற்றவரின் இரத்தத்தால் கிடைத்த அந்த ஈமக்காட்டை நினைக்கும்போது, நம் கல்லறைத் தோட்டங்களுக்குச் சாதிவாரியாகச் சுவர் எழுப்பிய வரலாறு நம்மைத் தலைகுனிய வைக்கிறது. இறந்தோரை அடக்கம் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்றெனச் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். கைம்மாறு செய்யவே இயலாத ஒருவருக்குச் செய்யும் உதவி என்பதே அதன் தனிச்சிறப்பு.

இனி நாம் செய்யத்தக்கவை என்ன? ஒவ்வொரு பங்கின் கல்லறைத் தோட்டத்திலும் அயலார்க்கெனச் சிறுபகுதியை ஒதுக்கலாம். அங்குப் புதைக்கப்படுவோரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவதோடு, ஒரு கல்லிலும் பொறிக்கலாம். தேடி வரும் தாய்க்கோ உடன்பிறந்தோர்க்கோ அது வழிகாட்டும். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் நம் பெற்றோரின் கல்லறைக்கு மாலையும் மெழுகுதிரியும் எடுத்துச் செல்லும்போது, ஒரு திரியை அப்பகுதிக்கும் கொண்டுசெல்லலாம். ஊர்ப்புறத்துச் செம்மண் மேட்டில் கல்வட்டம் இருந்தால், பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று அதன் பெருமையைச் சொல்லலாம். கல்லின்மேல் பெயரெழுதிக் கெடுக்கும் கை, அதன் பொருளை அறிந்தபின் தானே அடங்கும்.

அமிர்தமங்கலத்துத் தாழிக்குள் எலும்பை வைத்தவர்களின் மொழி, கடவுள், அரசன் யாரென்று அந்தத் தாழி நமக்குச் சொல்லவில்லை. இறந்த பின்னும் ஒருவனுக்கு நிலத்தில் ஓரிடம் உண்டு என்று அவர்கள் நம்பினர் என்பதை மட்டும் சொல்கிறது. அந்த இடத்தை அவனால் தானாகத் தேடிக்கொள்ள முடியாது. பிறர்தான் தர வேண்டும். அவர்கள் தம்மவர்க்குத் தந்தார்கள். நம்மிடம் உழைக்க வந்து, ஊர் திரும்பாமல் கண்மூடியவர்களுக்கு அதைத் தரும் கடமை இப்போது நம்முடையது.